உள்பக்கம் திரும்பிய கதவு

தன் அப்பாவின் ட்ரக் கதவை வெர்னா க்ளோஸ்டர்மன் திருப்பி மாட்டிவிட்டாள் என்பதை லைல் டீட்ரிக் பதினைந்து வருடமாக மன்னிக்கவில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு அவளுக்காகத் தன் பழைய இரும்பு யார்டின் கேட்டைத் திறந்து வைக்காமல் இருந்ததும் இல்லை.

ஏழரை என்றால் ஏழரைதான். முதலில் மணிச் சத்தம் வரும். பிறகு மூன்று சக்கர சைக்கிள் வரும். அதன்மேல் எழுபத்தொன்பது வயது வெர்னா வருவாள். பின்னால் இரண்டு பால் பெட்டிகள் கம்பியால் கட்டியிருக்கும். உடம்பில், செத்துப்போன புருஷன் எர்வினுடைய மார்புப் பை வைத்த நீலக் கால்சட்டை. அவன் ஆறடி மூன்றங்குலம், இவள் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. ஆகவே காலை நாலு மடிப்பு மடித்துவிட்டிருப்பாள். மடிப்புக்குள் எப்போதும் ஏதாவது திருகாணி கிடக்கும்.

மார்புப் பையில் இரண்டு சாமான்கள். ஒன்று, கம்பளி பின்னும் நீள ஊசி. அது நிமிடத்துக்கு ஒருதரம் வெளியே வரும். இன்னொன்று, காது கேட்கும் கருவி. அது வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை.

"அதைக் காதுல மாட்டிக்கங்களேன்" என்று லைல் கத்துவான்.

"கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு. இந்த டில்டன் ஊர்ல புதுசா எவன் என்ன பேசிடப் போறான்?"

யார்டுக்குள் நுழைந்தால் அவள் நடை மாறிவிடும். துணிக்கடைக்குள் போன கல்யாணப்பெண் மாதிரி ஆகிவிடுவாள். நசுங்கிய துணி துவைக்கும் இயந்திரம், டிராக்டர் இருக்கை, சோளம் விதைக்கும் இரும்புத் தட்டு என்று ஒன்றொன்றாகத் தூக்கி வானத்துக்கு நேரே பிடிப்பாள். பின்னல் ஊசியை விட்டுப் பார்ப்பாள். எந்தச் சாமானைப் பற்றியும் அவளுக்கு ஒரே கேள்விதான்.

"ஓட்டை இருக்கா?"

"இருக்கு. ஆனா பூரா துரு."

"துருவையா கேட்டேன்?"

ஓட்டை இருந்தால் பெட்டிக்குள் போகும். இல்லாவிட்டால், தங்கத்தால் செய்திருந்தாலும் திரும்பக் குவியலுக்கே போகும். ஏனென்றால் வெர்னா பற்றவைக்க மாட்டாள், ஆணி அடிக்க மாட்டாள், பசை தொட மாட்டாள். முக்கியமாக, எந்தச் சாமானிலும் புதிதாக ஒரு ஓட்டை போட மாட்டாள். ஏற்கெனவே இருக்கிற ஓட்டை வழியாகக் கம்பியோ சங்கிலியோ கோர்ப்பாள். ஒன்றின் எடையை இன்னொன்றின்மேல் சாய்ப்பாள். அப்படியே வீட்டளவுக்கு எழுப்பிவிடுவாள். எழுப்பிவிட்டு நாலடி பின்னால் போய் நின்று இடுப்பில் கை வைத்து, "நிக்குது" என்பாள். அதற்குமேல் தன் வேலையைப் பற்றி அவள் பேசிக் கேட்டவர்கள் கிடையாது. நியூயார்க்கிலிருந்து ஒருத்தர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, இந்தச் சிற்பம் எதைக் குறிக்கிறது என்று மூன்று மணி நேரம் கேட்டார். "எதையும் குறிக்கலைங்க. நிக்குது பாருங்க" என்று சொல்லி, அவர் கையில் ஒரு துண்டு செர்ரிப் பழப் பலகாரத்தைக் கொடுத்து அனுப்பினாள்.

இந்த ஓட்டைக் கிறுக்கு அவளுக்கு அம்மாவிடமிருந்து வந்தது. மிசிசிப்பி ஆற்றில் சிப்பி அள்ளி வட்ட வட்டமாக அறுத்துப் பொத்தான் செய்யும் ஆலை டில்டனில் இருந்தது. அம்மாவுக்கு அங்கே அறுப்பு வேலை. அறுத்தது போக மிஞ்சிய சிப்பிகளைச் சந்து பொந்தெல்லாம் கொட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஆறேழு ஓட்டை. மற்றப் பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடியபோது வெர்னா அந்தச் சிப்பிகளைக் கோழிக்கூட்டுக் கம்பியில் கோர்த்து ஆளுயரக் கோபுரம் கட்டினாள். "எங்கம்மா வட்டத்தை மொதலாளிக்குக் கொடுத்தா, ஓட்டையை எனக்குக் கொடுத்தா" என்பாள்.

கலைப் பள்ளி வாசலை அவள் மிதித்ததில்லை. இருபத்தாறு வருடம் டில்டன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். லைல் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு ஓடுகிறவரை அவன் தட்டில் மசித்த உருளைக்கிழங்கு வைத்தது அவள் கைதான். நசுங்கிய கரண்டிகளையும் தட்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொல்லையில் கோர்க்க ஆரம்பித்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது. ஊர் சிரித்தது. பிறகு நகரசபை, கொல்லையில் குப்பை சேர்க்கிறாள் என்று நோட்டீஸ் அனுப்பியது. பதினேழு நோட்டீஸ். எல்லாவற்றிலும் கோப்பில் மாட்ட இரண்டிரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். "பாத்தியா, எனக்காகவே போட்டு அனுப்பறாங்க" என்று அத்தனையையும் கோர்த்து ஒரு சேவல் செய்து கூரைமேல் ஏற்றினாள். கடைசியில் நகரசபை தோற்று, குறைந்தபட்சம் கொல்லையைச் சுற்றி எட்டடி உயரப் பலகை வேலியாவது போடு என்றது. போட்டாள். இன்றைக்கு அந்தச் சேவல் மினியாபொலிஸில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. அதன் படத்தைப் போட்டுத்தான் அதே நகரசபை ஊருக்கு விருந்தாளிகளைக் கூப்பிடுகிறது.

சரி, கதவுக்கு வருவோம்.

லைலின் அப்பா ஹார்லன் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். அவருடைய பச்சை ட்ரக் யார்டின் மூலையில் நின்றது. வெர்னா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு நாள், "டேய், இந்தக் கதவும் முன் ஸீட்டும் எனக்கு வேணும்" என்றாள். அந்த ட்ரக்கை நசுக்கவும் மனமில்லாமல் பார்க்கவும் மனமில்லாமல் இருந்தவன், எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டான். கதவில் அப்பா கையால் எழுதிய பெயர் இருந்தது: 'டீட்ரிக் & மகன்'. அது நாலு பேர் கண்ணில் படட்டுமே என்று ஓர் ஆசை. அவன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. டீட்ரிக் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

ஏழு வருடம் எட்டடி வேலிக்குப் பின்னால் என்ன நடந்ததென்று அவனுக்குத் தெரியாது. அடுத்தவர் கொல்லைக்குள் எட்டிப் பார்க்கிற ஆளில்லை அவன். பிறகு பெரிய லாரி வந்து, அவள் கட்டி முடித்த சிற்பத்தை 'முன் ஸீட்' என்ற பெயரில் சிகாகோவிலுள்ள ஒரு கலைக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போயிற்று. கொஞ்ச நாளில் பல் டாக்டரிடம் கிடந்த பத்திரிகையில் படம் பார்த்ததாகச் சொல்லி அவன் பெண்டாட்டி ஷெரில் பக்கத்தைக் கிழித்தே எடுத்து வந்தாள். லைல் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினான். கதவு இருந்தது. பெயர் இல்லை. கதவின் உள்பக்கம் வெளியே தெரிந்தது. கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடியும் கிழிந்த அட்டையும்தான் ஊருக்கெல்லாம் காட்சி.

அன்றையிலிருந்து அவள் அவனுக்கு 'மிஸஸ் க்ளோஸ்டர்மன்' ஆனாள். அதுவரை வெர்னாதான், நீ வா போ தான். டில்டனில் தெரிந்தவரை முழு மரியாதையோடு கூப்பிட்டால், திட்டுவதற்கு ஒரு படிதான் பாக்கி என்று அர்த்தம்.

"காலை வணக்கம், மிஸஸ் க்ளோஸ்டர்மன். இன்னிக்கு உங்களுக்கு என்ன வேணும்?"

"ஆரம்பிச்சுட்டான்யா. இவன் 'உங்களுக்கு'ங்கறப்பெல்லாம் எனக்குப் பல்லு கூசுது" என்பாள் வெர்னா, யார்டு நாயிடம்.

ஏன் என்று அவளும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பதினைந்து வருடச் செவ்வாய்க்கிழமைகள் இப்படியே ஓடின.

இந்த ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மணிச் சத்தம் கேட்டது. லைல் காபிக் கோப்பையோடு எழுந்து நின்றுவிட்டான்.

"இன்னிக்குச் செவ்வாய் இல்லை."

"காலண்டர் என் வீட்லயும் இருக்கு. ட்ரக்கை எடு."

"எங்க?"

"கதவு சாத்த மாட்டேங்குது."

"எந்தக் கதவு?" அவனுக்குத் தெரியும். தெரிந்தே கேட்டான்.

"உங்கப்பன் கதவுதான்."

வெர்னாவுக்கு எண்பது பிறக்கப்போகிறது என்று, மூடிக்கிடந்த பொத்தான் ஆலையைச் சுத்தம் செய்து கண்காட்சிக் கூடமாக்கியிருந்தார்கள். சிகாகோவிலிருந்து 'முன் ஸீட்' கோடைக்காலத்துக்கு மட்டும் ஊர் திரும்பியிருந்தது. அன்று பிற்பகல் இரண்டு மணிக்குத் திறப்பு. எல்லாவற்றையும் பொருத்திவிட்டார்கள். கதவு மட்டும் கடைசி இரண்டங்குலம் வராமல் அடம்பிடித்தது.

கதவுதானே என்று விட முடியாது. ஓர் ஆள் உள்ளே நுழைகிற சின்ன அறை மாதிரியான அந்தச் சிற்பத்தின் கூரை, சிப்பி அள்ளுகிற பழைய படகு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டது. கதவு சாத்தினால் சட்டம் இறுகும். சட்டம் இறுகினால் சங்கிலி இழுக்கும். சங்கிலி இழுத்தால்தான் படகு நிமிரும். இப்போது படகு, குடித்தவன் தொப்பி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

"மூணு நாளா ஏழு பேர் இழுத்துப் பாத்துட்டானுங்க. இப்ப அந்தச் சிகாகோக் கண்ணாடிக்காரன் துளைபோடற மெஷினை எடுத்துட்டு வந்து நிக்கறான். ஒரே ஒரு போல்ட்டாம், கால் அங்குலம்தானாம். இல்லேன்னா திறக்க விடமாட்டானாம்."

"ஒரு ஓட்டைதானே, மிஸஸ் க்ளோஸ்டர்மன். போட்டுட்டுப் போகட்டும்."

தட்டில் பட்டாணியை ஒதுக்கிய பையனைப் பார்க்கிற பார்வை ஒன்று அவளிடம் உண்டு. நாற்பது வருடம் கழித்து அது மறுபடி அவன்மேல் விழுந்தது.

"நாப்பத்திநாலு வருஷம்டா. ஒரு சாமான்ல ஒரு ஓட்டை நான் போட்டதில்லை. இதுல போட்டா இது என்னுது இல்லை. என் பேரை எடுத்துடுங்க, படகை ஆத்துல விட்டுடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"போன தடவை நீங்கதானே சாத்தினீங்க?"

"அது பழைய இடுப்பு" என்று பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "இது போன வருஷம் டாக்டர் வச்ச புது மூட்டு. இதுக்கு டீட்ரிக் கதவைச் சாத்தத் தெரியலை."

வேலை இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினைந்து வருடக் கோபத்துக்கு அன்றைக்கே கணக்கு நேராகிவிடும். அவன் சும்மா இருந்தால் போதும். ஆனால் அந்தத் துளை இயந்திரத்தின் முனை அப்பாவின் கதவுக்குள் திருகிக்கொண்டு இறங்குவது கண்ணில் வந்தது. காபியைத் தரையில் ஊற்றிவிட்டுச் சாவியை எடுத்தான்.

கூடத்தில் ஒரு பக்கம் தேவாலயத்துப் பெண்கள் நீள மேஜைமேல் பழப் பலகாரங்களை வெட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், கயிறு கட்டிய வட்டத்துக்குள், பள்ளிக்கூடத் தட்டுகளும் ஆர்கன் வாத்தியக் குழாய்களும் சோளம் விதைக்கும் தட்டுகளுமாக 'முன் ஸீட்' கோணலாக நின்றது. பக்கத்தில் சிகாகோக் கலைக்கூடத்து வைட்டேக்கர். நல்ல மனுஷன்தான். ஆனால் மூன்று நாளாகத் தூங்காத மூஞ்சி. ஒரு கையில் நாற்பத்தொரு பக்க வரைபடம், ஒரு கையில் துளை இயந்திரம்.

"சார், கையுறை போட்டுக்கங்க. கை எண்ணெய் படக்கூடாது."

"அதுல இருக்கற எண்ணெயே என் கையோடதுதான்யா."

"உங்க பேரு?"

"லைல் டீட்ரிக்."

வைட்டேக்கர் நீட்டிய கையுறை அப்படியே நின்றது. அவனைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கையுறையைத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

லைல் கதவின் விளிம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

"வெளியில நின்னுக்கிட்டு என்னடா பண்றே? ஏழு பேரும் இப்படித்தான் இழுத்தானுங்க. அந்தக் கதவு எப்பவாவது ட்ரக்குக்கு உள்ளேர்ந்து இழுத்து ஒழுங்கா சாத்தியிருக்கா?" என்றாள் வெர்னா.

"நீங்கதானே திருப்பி வச்சிருக்கீங்க!"

"ஆமா. அப்ப வெளிப்பக்கம் எங்க இருக்கும்? கைப்பிடி எங்க இருக்கும்? உள்ளதானே? உள்ள போ!"

அது சரிதான். அந்தக் கதவைச் சாத்துவதற்கென்று ஒரு முறை உண்டு. கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கி, அடியில் முழங்காலால் ஒரு முட்டு முட்டி, அது மூச்சு விடுவதற்குள் இடுப்பால் ஓர் இடி. ட்ரக்குக்கு வெளியே நின்று ஹார்லன் அப்படித்தான் சாத்துவார். இரண்டு சத்தம் வரும், 'டப்' என்று ஒன்று, 'டக்' என்று ஒன்று. சின்ன வயதில் அந்த இரண்டாவது சத்தம் கேட்டால்தான் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். வெர்னா திருப்பி மாட்டியதில் அந்த வெளிப்பக்கம் சிற்பத்துக்கு உள்ளே போய்விட்டது.

லைல் குனிந்து நுழைந்தான். உள்ளே அப்பாவின் முன் ஸீட். அதே கிழிசல், அதே இடத்தில். திரும்பிக் கதவைப் பார்த்தான்.

'டீட்ரிக்' என்று சிவப்பில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பா தரையில் உட்கார்ந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுதியது. '& மகன்' மட்டும் டிராக்டர் மஞ்சளில். லைல் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த அன்று சிவப்புத் தீர்ந்துபோயிருந்தது. நாளைக்கு வாங்கி எழுதலாம் என்று அம்மா சொன்னதைக் கேட்காமல், இருந்த பெயிண்ட்டில் அவர் அன்றைக்கே சேர்த்தது. ஓர் எழுத்துக்கூட உரியவில்லை. நேற்றுத்தான் தூரிகையைக் கழுவி வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது.

"படிச்சியாடா?" வெளியிலிருந்து குரல் வந்தது.

"சிகாகோவுக்குப் போனேன்" என்றான் லைல், மெதுவாக.

"என்ன?"

"சிகாகோவுக்குப் போனேன்."

"என்னடா முணுமுணுக்கறே?"

"சிகாகோவுக்குப் போனேன்னு சொல்றேன்!"

பலகாரம் வெட்டிக்கொண்டிருந்த கத்திகள் நின்றன. ஷெரிலுக்கே தெரியாத சேதி அது.

"எப்போ?"

"அந்த வருஷமே! நாலு மணி நேரம் ஓட்டிட்டுப் போனேன். டிக்கெட் வாங்கிட்டு நின்னேன். அப்பாவைச் செவுத்துப் பக்கம் திருப்பி நிக்க வச்ச மாதிரி இருந்துச்சு! ஒரு வாய் சாப்பிடாம திரும்பி வந்தேன்!"

"அட மடையா! உள்ள போய்ப் பாக்க வேண்டியதுதானே?"

"கயிறு கட்டியிருந்தாங்க!"

"கயிறுதானேடா! பசுமாட்டுக்கே கயிறு தாண்டத் தெரியும்!"

யாரோ ஒரு அம்மாள் சிரிப்பை அடக்கமுடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். வைட்டேக்கர் தன் கயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"ஏன் திருப்பி வச்சே, வெர்னா?"

'நீங்கள்' போய் 'நீ' வந்துவிட்டதை அவன் கவனிக்கவில்லை. அவளுக்குக் கருவி இல்லாமலே கேட்டது.

"ஏழு வருஷம் என் கொல்லைல மழையிலயும் பனியிலயும் நின்னுச்சுடா இது. உங்கப்பன் அடிச்சது செவுத்துப் பெயிண்ட்டு. வெளிய வச்சா ரெண்டு பனிக்காலம் தாங்காது, உரிஞ்சு கொட்டியிருக்கும். உன் மஞ்சள் மொதல்ல போயிருக்கும். அதான் உள்ள திருப்பி, மேல படகைக் கவுத்தேன். உக்காந்து படிக்க ஸீட்டும் போட்டேன். வேற எதுக்குடா அதுக்கு 'முன் ஸீட்'டுன்னு பேரு?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? வாராவாரம் வந்தேனே, என்ன, அந்தத் துருவைப் பாக்கவா வந்தேன்?"

உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒன்று வந்தது. அதை அவள் கேட்டிருக்க வழியில்லை.

"நகருங்க எல்லாரும்" என்றான் லைல். கைப்பிடியைத் தூக்கினான். முழங்கால். இடுப்பு.

டப். டக்.

சட்டம் இறுகியது. சங்கிலி தட்டுகளின் ஓட்டை வழியாகச் சரசரவென்று ஓடியது. தலைக்குமேல் படகு ஒரு முனகலோடு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆர்கன் குழாய்கள் ஒன்றோடொன்று உரசி ஓய்ந்தன. தேவாலயத்துப் பெண்கள் கத்தியும் கரண்டியுமாகக் கை தட்டினார்கள். வைட்டேக்கர் துளை இயந்திரத்தின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவினார். லைல் கண்ணாடிச் சட்டத்தின் வழியாகச் சிவந்த மூஞ்சியை வெளியே நீட்டினான்.

வெர்னா நாலடி பின்னால் போய் இடுப்பில் கை வைத்தாள். கூரையைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள்.

"நிக்குது."

பிறகு சுற்றி எல்லார் முகத்தையும் பார்த்தாள். எல்லாரும் எதையோ கேட்டுவிட்ட முகத்தோடு இருந்தார்கள். அவள் மார்புப் பைக்குள் கை விட்டாள். பின்னல் ஊசிக்கு அடியில் துழாவிக் காதுக் கருவியை எடுத்தாள். ஒட்டியிருந்த நூலை ஊதித் தள்ளி, எர்வினின் கால்சட்டையில் துடைத்து, தலையைச் சாய்த்துக் காதில் பொருத்திக்கொண்டாள்.

"லைல்" என்றாள். "திறந்து இன்னொரு தடவை சாத்துடா."